ஹீரோ இனிமே சாக வேண்டாம்

தமிழ் சினிமாவுக்கு ரத்தப் புற்றுநோய்னா தனிப் பிரியம். ஹீரோ இருமுவார். கைக்குட்டையில சிவப்பு. டாக்டர் கண்ணாடியைக் கழட்டி மேசையில வெப்பார். அப்புறம் ஒரு பாட்டு, ஒரு சாவு, வணக்கம். 1982-ல மட்டும் ‘பயணங்கள் முடிவதில்லை’ மோகன், ‘வாழ்வே மாயம்’ கமல்னு ரெண்டு ஹீரோவைப் புற்றுநோய்க்குக் காவு கொடுத்தோம். ரெண்டு படமும் நல்லா ஓடுச்சு. (பாட்டுங்க இன்னைக்கும் பஸ்ல ஓடுது.)

படத்து மேல கோபம் இல்ல. அந்தப் படங்க வந்து நாப்பது வருஷம் தாண்டியும், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலையிலேர்ந்து சென்னை வரைக்கும் நம்ம மனசுல ஓடுறது அதே ரீல்தான். அதுதான் எரிச்சல். “பிளட் கேன்சராம்”னு யாராவது சொல்லிட்டா போதும். நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே சொந்தக்காரங்க குரலைத் தாழ்த்திடுவாங்க. நிலத்தை விக்கிறதா, விட்டுடறதான்னு ஒரு கணக்கு ஓடும்.

அதே 1982-ல, நம்ம ஹீரோக்கள் இருமிக்கிட்டிருந்தப்போ, நெதர்லாந்துல ராட்டர்டாம் நகரத்துல ஒரு ஆராய்ச்சிக் குழு ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சு ‘நேச்சர்’ இதழ்ல எழுதுச்சு. ஒரு வகை ரத்தப் புற்றுநோயில, 9-ஆம் குரோமோசோம்ல இருக்க வேண்டிய ‘ஏபிஎல்’ங்கிற மரபணு இடம் மாறி 22-ஆம் குரோமோசோம்ல போய் ஒட்டிக்கிட்டிருக்கு. சத்தமில்லாம நடந்த சமாச்சாரம். ஆனா அந்த ஹீரோக்கள் சாகாம இருக்கறதுக்கான கதவு அங்கதான் திறந்துச்சு.

ஒண்ணு முதல்ல சொல்லிடணும். ரத்தப் புற்றுநோய் ஒரே நோய் இல்ல, பல நோய். ராட்டர்டாம்காரங்க பார்த்தது அதுல ஒண்ணு, ‘நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா’. டாக்டருங்க சுருக்கமா சி.எம்.எல். என்பாங்க. மேல் நாடுகள்ல இது பெரும்பாலும் அறுபதை ஒட்டி வர்ற நோய். நம்ம ஊர்ல முப்பது, நாப்பதுலயே நிறைய பேருக்கு வருது. பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற வயசு, கடன் கட்டுற வயசு.

இதோட கதை அமெரிக்காவுல பிலடெல்பியாவுல ஆரம்பிக்குது. பீட்டர் நோவெல்னு ஒரு டாக்டர் ரத்த வெள்ளணுக்களை வளர்த்துப் பார்த்துக்கிட்டிருந்தார். ஸ்லைடைக் கழுவ முறையான திரவம் இருக்க, அவர் குழாய்த் தண்ணியில அலசிட்டார். அணுக்கள் ஊதிப் போய், உள்ள இருந்த குரோமோசோமெல்லாம் பிரிஞ்சு தனித்தனியா தெரிஞ்சுது. (எந்த லேப்லயும் மேலதிகாரி திட்டுற வேலை. இங்க அது வரலாறு.) அவரும் டேவிட் ஹங்கர்போர்டுங்கிற இளம் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து பார்த்தா, சி.எம்.எல். நோயாளிகளோட அணுக்கள்ல ஒரு குரோமோசோம் மட்டும் குட்டியா, வால் அறுந்த மாதிரி இருக்கு. புற்றுநோய்க்கும் குரோமோசோமுக்கும் நேரடித் தொடர்பு உண்டுன்னு முதல்முறையா கண்ணால பார்த்தது அதுதான். 1960-ல எழுதினாங்க. ஊர்ப் பேரையே வெச்சு ‘பிலடெல்பியா குரோமோசோம்’னாங்க. இதே நம்ம பக்கம் கண்டுபிடிச்சிருந்தா உலகத்துப் பாடப்புத்தகமெல்லாம் ‘கள்ளக்குறிச்சி குரோமோசோம்’னு படிச்சிருக்கும்.

அறுந்த துண்டு எங்க போச்சு? பன்னெண்டு வருஷத்துக்கு மேல யாருக்கும் தெரியல. தொலைஞ்சு போச்சுன்னே நினைச்சாங்க.

கண்டுபிடிச்சவங்க ஜேனட் ரவுலி. சிகாகோக்காரங்க, நாலு பிள்ளைங்களோட அம்மா. வாரத்துல மூணு நாள்தான் ஆராய்ச்சி, மத்த நாள் வீடு. ஆக்ஸ்போர்டுல குரோமோசோமுக்குச் சாயம் ஏத்தி வரி வரியா பார்க்கிற புது முறையைக் கத்துக்கிட்டு வந்தவங்க, போட்டோக்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில பரப்பி, கத்திரிக்கோலால ஒவ்வொரு குரோமோசோமா வெட்டி ஜோடி சேர்ப்பாங்க. அம்மா காகித பொம்மை வெச்சு விளையாடறாங்கன்னு பிள்ளைங்க கேலி பண்ணுமாம். அந்த மேசையிலதான் அவங்களுக்குப் பிடிபட்டுச்சு. 22 குட்டையா இருக்கிற ஒவ்வொரு நோயாளிக்கும் 9 கொஞ்சம் நீளமா இருக்கு! துண்டு தொலையவே இல்ல. ரெண்டு குரோமோசோமும் உடைஞ்சு, துண்டை மாத்தி ஒட்டிக்கிட்டிருக்கு. 1973-ல எழுதினாங்க. 2009-ல அமெரிக்காவோட மிக உயர்ந்த குடிமக்கள் விருது அவங்களைத் தேடி வந்துச்சு.

சரி, துண்டு மாறினா என்ன குடி முழுகிப் போச்சு?

உடைஞ்ச இடம்தான் வில்லங்கம். 22-ல ‘பிசிஆர்’னு ஒரு மரபணு, அதோட முன்பாதி. 9-லேர்ந்து வந்த ‘ஏபிஎல்’லோட பின்பாதி. ரெண்டும் ஒட்டி ஒரே மரபணுவா ஆயிடுது. உடம்புல இதுவரைக்கும் இல்லாத ஒரு கலப்பு. ஏபிஎல்-ங்கிறது அணுவுக்கு ‘பெருகு’ன்னு உத்தரவு போடுற புரதம். வேலை முடிஞ்சதும் தன்னைத்தானே அடக்கிக்க அதோட முன்பக்கம் ஒரு பகுதி உண்டு. ஒட்டு வேலையில அந்தப் பகுதி போயிடுச்சு. கரும்புக்குத் தண்ணி பாய்ச்சுற மோட்டாரோட ஸ்டார்ட்டர்ல சிவப்பு பட்டனை மட்டும் பிடுங்கிப் போட்டா எப்படி? கரண்ட் இருக்கிற வரைக்கும் ஓடும், வயல் மூழ்கினாலும் ஓடும். அப்படித்தான் வெள்ளணு பெருகிக்கிட்டே போகும். நாலாயிரத்துலேர்ந்து பதினோராயிரத்துக்குள்ள இருக்க வேண்டிய கணக்கு லட்சத்தைத் தாண்டும். மண்ணீரல் வீங்கி இடது விலாவுக்குக் கீழ கல்லு மாதிரி கைக்குத் தட்டுப்படும். ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும். இருமல்? ரத்தம்? அதெல்லாம் சினிமா.

இன்னொண்ணும் சொல்லணும். இந்த உடைப்பு பிறப்புலயே வர்றதில்ல. எலும்பு மஜ்ஜையில ஒரே ஒரு அணுவுல, வாழ்க்கையில எப்பவோ நடக்குறது. அப்பா அம்மாகிட்டேர்ந்து வராது, பிள்ளைங்களுக்குப் போகாது, தொட்டாலும் ஒட்டாது. ‘அந்தக் குடும்பத்துல பொண்ணு எடுக்கலாமா’ன்னு யோசிக்கிறவங்க இதைப் படிச்சுட்டு யோசிங்க.

நோய்க்குக் காரணம் ஒரே ஒரு புரதம்னா, அந்த ஒண்ணை மட்டும் அடைச்சா போதாதா? கேள்வி சுலபம். பதிலுக்கு வருஷக்கணக்கு ஆச்சு. சிபா-கைகி கம்பெனியில நிக்கோலஸ் லைடன் குழு மருந்தை உருவாக்குச்சு. ஒரிகான்ல பிரையன் ட்ரூக்கர்ங்கிற டாக்டர் அதைச் சோதிச்சுட்டு, மனுஷங்களுக்குக் கொடுத்துப் பாக்கலாம்னு கம்பெனியை விடாம நச்சரிச்சார். கம்பெனிக்குத் தயக்கம். நோயாளிகளே கம்மி, லாபம் எங்கேர்ந்து வரும்? 1998 ஜூன்ல முதல் நோயாளிக்குக் கொடுத்தாங்க. நல்ல அளவுல மருந்து சாப்பிட்ட 54 பேர்ல 53 பேருக்கு ரத்தக் கணக்கு இயல்புக்குத் திரும்புச்சு. புற்றுநோய் ஆராய்ச்சியில இப்படி ஒரு எண் ரொம்ப அபூர்வம். மருந்து கூடுதலா தயாரிங்கன்னு நோயாளிங்களே இணையத்துல கையெழுத்து வாங்கிக் கம்பெனிக்கு அனுப்பினாங்க. 2001 மே மாசம் அமெரிக்காவுல அனுமதி. அதுதான் இமாட்டினிப். தினம் ஒரு மாத்திரை, 400 மில்லிகிராம். ஊசி கிடையாது, முடி கொட்டாது, மொட்டைத் தலை ஹீரோ கிடையாது. முதல் பெரிய ஆய்வுல மாத்திரை ஆரம்பிச்சவங்கள்ல 83 சதவீதம் பேர் பத்து வருஷம் கழிச்சும் உயிரோட இருந்தாங்க.

இதுவரைக்கும் எல்லாம் வெளிநாட்டுக் கதை. இனிமேதான் மெட்ராஸ் உள்ள வருது.

சிபா-கைகி 1996-ல இன்னொரு கம்பெனியோட சேர்ந்து நோவார்ட்டிஸ் ஆச்சு. 1998-ல அந்த மருந்தோட ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு சென்னை அலுவலகத்துல மனு போட்டாங்க. மனு எண்லயே மெட்ராஸைக் குறிக்கிற மூணு எழுத்து உண்டு. மருந்து விற்பனைக்கு வந்தப்போ கம்பெனி மாத்திரை ஒரு மாசத்துக்கு சுமார் 1,20,000 ரூபாய். நம்ம ஊர்க் கம்பெனிங்க செஞ்ச அதே மருந்து 8,000, 10,000. நாட்கோ மாதிரி கம்பெனிங்களும், மும்பையிலேர்ந்து ஒரு புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் எதிர்த்து நின்னாங்க. 2005-ல திருத்தின காப்புரிமைச் சட்டத்துல 3(டி)ன்னு ஒரு பிரிவு: ஏற்கனவே தெரிஞ்ச மருந்துக்குப் புது வடிவம் கொடுத்துட்டா மட்டும் போதாது, பலன் கூடியிருக்குன்னு காட்டணும். அதைக் காட்டி 2006 ஜனவரியில சென்னை அலுவலகம் மனுவைத் தள்ளிடுச்சு.

கம்பெனி விடல. அந்தப் பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு சென்னை உயர் நீதிமன்றம் போனாங்க. 2007 ஆகஸ்ட் 6-ல நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு அந்த வழக்கைத் தள்ளுபடி பண்ணுச்சு. (பிரபா ஸ்ரீதேவன்தான் பின்னாடி ஆர். சூடாமணி கதைகளை இங்கிலீஷ்ல கொண்டு போனவங்க.) கடைசியில 2013 ஏப்ரல் 1, உச்ச நீதிமன்றத்துலயும் நோவார்ட்டிஸுக்குத் தோல்வி. தேதி ஏப்ரல் ஒண்ணுதான், ஆனா விளையாட்டு இல்ல. நியாயமா ஒண்ணு சொல்லணும். இந்தியாவுல ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு அந்தக் கம்பெனி மாத்திரையை இலவசமாவும் கொடுத்துச்சு. ஆனா கம்பெனி மனசு வெச்சாத்தான் கிடைக்கும்கிற மாத்திரைக்கும், மருந்துக்கடையில கேட்டு வாங்குற மாத்திரைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. 2015-ல உலக சுகாதார நிறுவனம் இமாட்டினிப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்த்துச்சு. இன்னைக்கு விலை அந்த 8,000-ஐ விடவும் ரொம்பக் கீழ. அரசுப் புற்றுநோய் மையங்கள்ல காசே இல்லாமலும் கிடைக்குது.

அப்போ கதை முடிஞ்சுதா? கல்வராயன் மலைக்கு வாங்க.

வெள்ளிமலையில ஒருத்தருக்கு இந்த நோய்னு வெச்சுக்குவோம். கச்சிராயபாளையம் வழியா மலைப்பாதையில இறங்கணும். இந்த மலை 1976 வரைக்கும் மூணு ஜாகிர்தார் கையில இருந்துச்சு, அதுக்கப்புறந்தான் அரசாங்கம் எடுத்துக்குச்சு. மத்த ஊருக்கெல்லாம் வந்த ரோடும் ஆஸ்பத்திரியும் இங்க அவ்வளவு லேட்டு. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனதே 2019 நவம்பர்ல. சிறுவங்கூர்ல மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில. அதுக்கு முன்னாடி பெரிய வைத்தியம்னா ஒரு பக்கம் சேலம், இன்னொரு பக்கம் முண்டியம்பாக்கம், அதுக்கும் மேல புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மர். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரம் சாராயச் சாவுகளப்போ ஆம்புலன்ஸ்கள் எந்தெந்த ரோட்டுல ஓடுச்சுன்னு நாடே டிவியில பார்த்துச்சே, அதே ரோடுங்கதான்.

வெள்ளணு கூடியிருக்கறதைக் கண்டுபிடிக்கிறது சுலபம், சாதாரண ரத்தப் பரிசோதனையே காட்டிக் கொடுக்கும். கலப்பு மரபணு இருக்கான்னு உறுதி பண்ணி மாத்திரை ஆரம்பிக்கிறதும் ஒரு தடவை அலைச்சல். சிக்கல் அதுக்கப்புறம். மூணு மாசத்துக்கு ஒருதடவை ரத்தத்துல பிசிஆர்-ஏபிஎல் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அளக்கணும். மூணாம் மாசம் 10 சதவீதத்துக்குள்ள, ஒரு வருஷத்துல 0.1-க்குள்ள வந்துடணும். வரலைன்னா மாத்திரை சரியா சாப்பிடலையா, இல்ல அந்தப் புரதமே உருமாறி மருந்துக்கு டிமிக்கி கொடுக்குதான்னு பார்த்து, டாசாட்டினிப், நைலோட்டினிப்னு அடுத்த மருந்துக்குப் போகணும். அளக்காம மாத்திரை மட்டும் சாப்பிடறது பாதி வைத்தியம்தான்.

ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு. கூட வர்றவர் கூலியும் போச்சு. மலையிலேர்ந்து காப்பித் தோட்ட வேலைக்குக் கேரளா, கர்நாடகான்னு போறவங்க இருக்காங்க. சீசன் நடுவுல மாத்திரை தீர்ந்தா? ஆஸ்பத்திரிச் சீட்டு வீட்டுல, ஆள் தோட்டத்துல.

இதைவிட மோசமான எதிரி ஒண்ணு இருக்கு. உடம்பு நல்லா ஆயிடறது!

மாத்திரை ஆரம்பிச்ச சில வாரத்துல மண்ணீரல் சுருங்கும், பசி எடுக்கும், வேலைக்குப் போகலாம். “அதான் சரியாயிடுச்சே”ன்னு மாத்திரையை விட்டுடறாங்க. கால் பிடிச்சு இழுக்குது, கண்ணு வீங்குது, குமட்டுதுன்னு விடறவங்களும் உண்டு. சிலருக்குத் தோல் வெளுக்கும். நிறம் கொடுக்கிற அணுக்களுக்கு வேண்டிய இன்னொரு புரதத்தையும் இந்த மருந்து அடக்கறதுதான் காரணம். (“கேன்சர் வந்து கலர் கூடிட்டான்”னு சொல்ற ஒரு உறவுக்காரர் எல்லா ஊர்லயும் இருப்பார்.) அடையாறு புற்றுநோய் மருத்துவமனை டாக்டருங்க 516 பேரோட விவரத்தை 2011-ல வெளியிட்டாங்க. கிட்டத்தட்ட 30 சதவீதம் பேர் மாத்திரையை ஒழுங்கா சாப்பிடல. ஒழுங்கா சாப்பிட்டவங்கள்ல அஞ்சு வருஷம் நோய் கட்டுக்குள்ளயே இருந்தவங்க சுமார் 77 சதவீதம். விட்டு விட்டுச் சாப்பிட்டவங்கள்ல 60. அதே மருந்து, அதே நோய்.

‘நிறுத்தவே கூடாதா?’ன்னு கேட்டா, பல வருஷம் அளவு அடிமட்டத்துல இருந்த சிலர் நிறுத்தியும் நல்லா இருக்காங்க, பிரான்ஸ்ல அதைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. ஆனா நிறுத்தின பிறகு முன்னைவிட அடிக்கடி அளக்கணும், நோய் திரும்பினா உடனே மறுபடி ஆரம்பிக்கணும். சுத்திச் சுத்தி அந்த ரத்தப் பரிசோதனைக்கேதான் வந்து நிக்குது.

இந்தக் குரோமோசோம் ஒட்டு வேலை சி.எம்.எல்-லோட முடியல. 15-உம் 17-உம் துண்டு மாத்திக்கிட்டா இன்னொரு ரத்தப் புற்றுநோய். அதையும் முதல்ல கண்டது ரவுலிதான். கவனிக்காம விட்டா ரத்தப்போக்குல சில நாள்ல ஆளைக் கொல்ற நோய் அது. அதுக்கு மருந்து ஆர்சனிக் ட்ரையாக்ஸைடு, அதாவது நம்ம சித்த வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம்னு சொல்றது. சீனாக்காரங்க முதல்ல கொடுத்துப் பார்த்தாங்க. வேலூர் சி.எம்.சி. தன் மருந்தகத்துலயே அதைத் தயாரிச்சு, புது நோயாளிகளுக்கு அது ஒண்ணை மட்டுமே பிரதான மருந்தா கொடுத்து, 2006-ல முடிவை வெளியிட்டப்போ உலகம் திரும்பிப் பார்த்துச்சு. 72 பேர்ல 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்குச்சு, அதுவும் மேல்நாட்டு வைத்தியச் செலவுல ஒரு சின்னப் பங்குல. (இதைப் படிச்சுட்டு நாட்டு மருந்துக்கடையில பாஷாணம் கேக்காதீங்க. அது அளந்து, இதயத்துடிப்பைப் பார்த்துப் பார்த்து ஏத்துற மருந்து.)

பெரும்பாலும் ரத்தத்துலதான் இந்த மாதிரி ஒட்டு நடக்கும்னு ரொம்ப நாள் நினைச்சாங்க. 2005-ல மிச்சிகன்ல அருள் சின்னையன் குழு ஆண்களோட புராஸ்டேட் புற்றுநோய்ல அப்படி ஒரு கலப்பு மரபணுவைக் கண்டுபிடிச்சுது. 2007-ல ஜப்பான்ல ஹிரோயுகி மானோ குழு நுரையீரல் புற்றுநோய்ல இன்னொண்ணைப் பிடிச்சுது. பீடி, சிகரெட் தொடாதவங்களுக்கும் வர்ற வகையில அது அதிகம். நாலே வருஷத்துல அதுக்கு மாத்திரை வந்துச்சு. விலைதான் எட்டல. மெட்ராஸ்ல நடந்த மாதிரி ஒரு சண்டை ஒவ்வொரு மருந்துக்கும் நடக்கணும் போல.

கள்ளக்குறிச்சிக்கு வருவோம். பெரிசா எதுவும் கேக்கல. காசநோய்க்குச் சளியைச் சோதிக்க அரசாங்கம் மாவட்டந்தோறும் ‘சிபிநாட்’ மெஷின் வாங்கி வெச்சிருக்கு. ஜீன்எக்ஸ்பர்ட்னும் சொல்வாங்க. அதே வகை மெஷின்ல வேற கார்ட்ரிட்ஜ் போட்டா பிசிஆர்-ஏபிஎல் அளவைச் சில மணி நேரத்துல சொல்லிடும். ஊசியில கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். கார்ட்ரிட்ஜ் விலை கம்மி இல்ல, ஒத்துக்கறோம். ஆனா மாத்திரையை இலவசமா கொடுத்துட்டு, அது வேலை செய்யுதான்னு பாக்க ஆளைக் கூலி இழந்து புதுச்சேரிக்கு அனுப்புறது எந்த ஊர்ச் சிக்கனம்? சிறுவங்கூர்லயே ரத்தம் எடுத்து, அங்கயே அளந்து, மூணு மாச மாத்திரையையும் அங்கயே கொடுத்து அனுப்பலாம். பெரிய டாக்டரைப் பாக்க வருஷத்துக்கு ஒருதடவை ஜிப்மர் போனா போதும்.

அது நடக்கற வரைக்கும் ஒரு வேலை நம்மால முடியும். உங்க தெருவுலயோ சொந்தத்துலயோ இந்த மாத்திரை சாப்பிடறவங்க யாராவது இருந்தா, கடைசியா எப்போ ரத்தம் கொடுத்து அளந்தாங்கன்னு கேளுங்க. ஆறு மாசம் தாண்டியிருந்தா அடுத்த பஸ்ல அனுப்பி வைங்க. முடிஞ்சா கூடப் போங்க.